செவுத்துல ஓட்டை போடப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

பழைய சுண்ணாம்பு வீட்டில் சிமெண்டு வைத்து அடைத்தால் சுவரே உதிரும்

தஞ்சாவூரில் பெரிய கோவிலைச் சுற்றியும் அரண்மனையைச் சுற்றியும் உள்ள பழைய வீதிகளில் சுண்ணாம்புக் காரை வீடுகள் இன்னும் நிற்கின்றன. கும்பகோணம், மாயவரம் பக்கமும் அப்படித்தான். தாத்தா காலத்துச் சுவர். வெயிலையும் மழையையும் தாங்கிய சுவர்.

அந்தச் சுவருக்கு இப்போது புதிதாக ஓர் எதிரி வந்து இருக்கிறான். அவன் பெயர் 'டிரில் மிஷின்'!

முன்பு சுவரில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும் என்றால்கூட கொத்தனாருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் உளியும் சுத்தியலுமாக வருவார். இப்போது கைக்கு அடக்கமான மிஷின் கடையிலும் கிடைக்கிறது, போனில் சொன்னால் வீட்டுக்கும் வந்து விடுகிறது. வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு இறங்கி விடுகிறார்.

"ரெண்டு ஓட்டைக்கு ஒரு ஆளா? நாமளே போட்டுக்கலாம்."

தப்பே இல்லை. தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தச் சுவரில் போடுகிறோம், அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்து போட வேண்டும். தெரியாமல் போட்டால் சுவர் போகும். சில சமயம் ஆளே போய் விடுவார்!

பொல பொல

பழைய வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. புது டி.வி. வந்து இருக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும். வீட்டுக்காரர் மிஷினில் 'ஹேமர்' பொத்தானைத் தள்ளி விட்டு, முழு வேகத்தில் வைத்து அழுத்துகிறார். 'டகடகடக' என்று வீடே அதிர்கிறது. சுண்டு விரல் அளவு ஓட்டை கேட்டவர் கண் முன்னால், உள்ளங்கை அகலத்துக்குக் காரை 'பொல பொல' என்று கொட்டுகிறது.

"என்னங்க இது, எலிப் பொந்து மாதிரி ஆயிடுச்சு!" என்று மனைவி அடுப்படியில் இருந்து ஓடி வருகிறார்.

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் சிமெண்டு அப்பினா சரியாப் போயிடும்."

இங்கேதான் வினையே ஆரம்பம். சிமெண்டு நன்றாகப் பிடித்துக் கொள்ளும். பார்க்கவும் கெட்டியாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். அந்த ஒட்டு அப்படியே நிற்கும். அதைச் சுற்றி இருக்கும் நல்ல பூச்சு உப்பிக் கொண்டு விழும்!

சுவர் மூச்சு விடும்

ஏன் இப்படி?

பழைய சுவர், சின்னச் சின்ன நாட்டுச் செங்கல்லை சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியது. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விடுவதும் உண்டு. இந்தக் காரை சிமெண்டு மாதிரி கல்லாகி விடாது. கொஞ்சம் 'மெத்து' என்று இருக்கும். அதற்குள் ஊசி முனை அளவு துவாரங்கள் ஏராளம். அதன் வழியாக ஈரம் வெளியே போகும்.

காவிரி பாயும் பூமியில் இது ரொம்ப முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்து விட்டால், சுற்றிலும் களிமண் ஊறிப் போகும். அந்த ஈரம் அஸ்திவாரத்தில் ஏறும். அங்கிருந்து சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால், ஏறிய ஈரம் காற்றில் போய் விடும்.

நடுவில் சிமெண்டை அப்பினால் அந்த வழி அடைபடும். ஈரம் பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்பைத் தேடிப் போகும். போகும்போது உப்பையும் இழுத்துக் கொண்டு போகும். ஈரம் காய்ந்த இடத்தில் உப்பு பூக்கும். பூத்த உப்பு காரையைப் பிளக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல் காற்று வேறு. கேட்கவே வேண்டாம்!

தரங்கம்பாடி சாட்சி

சுண்ணாம்பை சுண்ணாம்பால்தான் ஒட்ட வேண்டும் என்பதற்கு டெல்டாவிலேயே சாட்சி இருக்கிறது.

தரங்கம்பாடி 1620-ம் ஆண்டு டென்மார்க் நாட்டுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த இடம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி வந்த சுனாமி அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. அதன்பிறகு பழைய கட்டிடங்களைக் காக்கும் 'இன்டாக்' அமைப்பு அங்கே பல பழைய வீடுகளைச் சரி செய்தது. டேனிஷ் கவர்னர் பங்களாவை சீர் செய்ய டென்மார்க் தேசிய அருங்காட்சியகமே கை கொடுத்தது. அங்கே எல்லாம் பூசியது பழைய முறைச் சுண்ணாம்புக் காரை!

இன்னும் பழைய சாட்சி தஞ்சை பெரிய கோவில். 1931-ம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் ஒளிந்து இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஓவியம் தீட்டியது சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான். கோவிலுக்கு வயது ஆயிரத்துக்கு மேல்!

தூளைப் பாருங்கள்

சரி, ஓட்டை போடத்தான் வேண்டும். எப்படிப் போடுவது?

முதலில் 'ஹேமர்' பொத்தானை அணைத்து விடுங்கள். மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். ஒரு பழைய தபால் உறையை வாய் திறந்தாற்போல் மடித்து ஓட்டைக்குக் கீழே ஒட்டி வைத்தால் தூள் அதில் விழும். வீடு கூட்டுகிற வேலையும் மிச்சம்.

அந்தத் தூள்தான் சுவரின் ஜாதகம்!

வெள்ளையாக, மாவு மாதிரி வந்தால் சுண்ணாம்புப் பூச்சு. கொஞ்ச நேரத்தில் சிவப்பாக மாற வேண்டும். அப்படியானால் செங்கல் வந்து விட்டது, இனி பிடிமானம் உண்டு. சிவப்பே வராமல் வெள்ளையும் மணலுமாகக் கொட்டிக் கொண்டே இருந்தால், இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் காரைச் சந்தில் துளைக்கிறீர்கள். அங்கே ஆணி நிற்காது. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். சாம்பல் நிறமாக வந்து, மிஷினும் திணறினால் அது கான்கிரீட்டு. அங்கேதான் 'ஹேமருக்கு' வேலை. சாம்பல் கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் கட்டிய புது வீடுகளிலும் சாம்பல் தூள் வரும். ஆனால் ஹாலோ பிளாக்கில் திடீரென்று 'பொசுக்' என்று பிட்டு உள்ளே போய் விடும். உள்ளே வெறும் பொந்து. அதற்கென்று தனி பிளக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆழம் தெரிய பிட்டில் ஒரு சுற்று 'டேப்' ஒட்டிக் கொள்ளுங்கள். பிளக்கைவிட அரை அங்குலம் கூடுதலாக ஓட்டை இருக்கட்டும். பழைய வீட்டில் பூச்சே தடிமனாக இருக்கும். சின்ன பிளக்கை வைத்தால் அது பூச்சிலேயே உட்கார்ந்து விடும். பாரம் ஏற்றினால் பூச்சோடு கையில் வரும்!

தஞ்சாவூர் ஓவியம் மாட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பலகை, கல், கண்ணாடி, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து படம் நல்ல கனம் கனக்கும். ஒரே ஆணியில் தொங்க விடாதீர்கள். பெரிய டி.வி. என்றால் சுண்ணாம்புச் சுவரில் நேராக மாட்டவே வேண்டாம். நீளமான மரப்பலகை ஒன்றைப் பல ஸ்குரு போட்டு முடுக்கி, அதன்மேல் மாட்டினால் பாரம் பரவும். அதைவிட நல்லது, ஒரு மேஜை! கீழே விளையாடுகிற குழந்தை மேல் டி.வி. விழுந்த பிறகு அழுது பயன் இல்லை.

சணல் கட்டை

இந்த பிளக்குக்கும் ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்தில் நம் கொத்தனார்கள் சுவரில் சதுரமாகக் குழி வெட்டி, உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் சீவிய மரக்கட்டையை வைத்து, காரை போட்டு இறுக்குவார்கள். பிறகு அந்தக் கட்டையில் ஆணி அடிப்பார்கள். இன்றைக்கும் "கட்டை அடிக்கணும்" என்று சொல்வது அதனால்தான்.

லண்டனிலும் அதே கதை. பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார சாமான்கள் மாட்ட வேண்டி இருந்தது. சுவரை வெட்டிப் பாழாக்கக் கூடாது. ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911-ம் ஆண்டு வாக்கில் சணல் நாரால் ஒரு சின்னக் குழல் செய்தார். துளையில் அதைச் செருகி ஸ்குருவை முடுக்கினால் அது விரிந்து சுவரைக் கவ்விக் கொண்டது. அவர் பெயரில் வந்ததுதான் கடையில் நாம் கேட்கும் 'ரால் பிளக்'. 1958-ம் ஆண்டு ஜெர்மனியில் ஆர்தர் பிஷர் என்பவர் அதை நைலானில் செய்தார். இன்று நம் கையில் இருப்பது அந்த வம்சம்.

உள்ளே ஓடும் எமன்

இனிதான் உயிர் விஷயம்.

பழைய வீடுகளில் ஒயர், சுவருக்கு மேலே மரச்சட்டத்தில் ஓடும். கண்ணுக்குத் தெரியும். இப்போது சுவரை வெட்டி உள்ளே குழாய் புதைத்து மூடி விடுகிறார்கள். மேலே பெயிண்டு அடித்து விட்டால் எங்கே ஓடுகிறது என்று வீட்டுக்காரருக்கே மறந்து போகும். அதில் பிட்டு பட்டால்? 230 வோல்ட்!

சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள். பெரும்பாலும் ஒயர் அந்த வழியாகத்தான் போகும். இரண்டு போர்டுகளை இணைக்கும் நேர்கோடும் ஆபத்தான இடமே. குளியல் அறையில் குழாய்க்கு நேர் மேலே போட்டால் மின்சாரத்துக்குப் பதிலாகத் தண்ணீர் பீச்சி அடிக்கும்.

"மெயினை அணைச்சுட்டா மிஷின் எப்படி ஓடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பேட்டரி மிஷின் இருந்தால் வம்பே இல்லை. மெயினை அணைத்து விட்டுப் போடலாம். இல்லாவிட்டால் அந்த அறையின் 'எம்.சி.பி.'யை மட்டும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வேறு அறையில் இருந்து ஒயர் இழுத்துக் கொள்ளுங்கள். ஆனால் அடுத்த அறைக்குப் போகும் ஒயரும் இந்தச் சுவருக்குள் ஓடலாம். ஆகவே ஓட்டை போடும் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்து எடுக்க வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் 'ஆர்.சி.சி.பி.' இருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிப்பது அதுதான்.

காலில் செருப்பு, கண்ணில் கண்ணாடி, மூக்கில் துணி. ஈரக் கையோடு மிஷினைத் தொடவே கூடாது.

அடைப்பது எப்படி?

வேண்டாத ஓட்டையில் பழைய பிளக் இருந்தால் நோண்டி எடுக்காதீர்கள். ஸ்குருவை இரண்டு சுற்று மட்டும் முடுக்கி, குறடால் இழுத்தால் பிளக்கோடு வந்து விடும்.

பிறகு தளர்ந்த காரையைச் சுரண்டி எறியுங்கள். பழைய பிரஷ்ஷால் தூளைத் துடையுங்கள். தண்ணீர் தெளித்து ஓட்டையை நன்றாக நனையுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். காய்ந்த சுவர், வைத்த காரையின் ஈரத்தை உடனே உறிஞ்சி விடும். காரை சுருங்கி, தனியாகக் கழன்று வரும்.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரை, மூன்று பங்கு. ஆழமான ஓட்டையை ஒரே மூச்சில் அடைக்கக் கூடாது. பாதி வைத்து, அது இறுகிய பிறகு மீதி. சில நாள் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்துத்தான் கல்லாகும். அதற்கு அவசரம் தெரியாது. ஆணிக்குத்து அளவுச் சின்ன ஓட்டைக்குப் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பே போதும்! ஆனால் கண்ணில் பட்டால் சுண்ணாம்பு கண்ணையே கெடுத்து விடும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

சிமெண்டு பூசிய புது வீட்டுக்கு இத்தனை பாடு இல்லை. கடையில் விற்கும் பட்டியைக் குழைத்து வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்தால் முடிந்தது.

அட்வான்சு தகராறு

வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்கிற அன்று ராத்திரி பற்பசையை ஓட்டையில் அப்புவது ஊர் அறிந்த ரகசியம். வெள்ளைச் சுவரில் அன்றைக்குத் தெரியாது. காய்ந்து சுருங்கினதும் பல் இளித்து விடும்!

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேனே சார்!" என்று வீட்டுக்காரர் அட்வான்சில் கை வைப்பார். தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறிய வாடகைச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்தது. குடியிருந்தவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. எத்தனை ஓட்டை போடலாம் என்று குடி வரும்போதே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக் கொண்டால் சண்டை இல்லை. குடி வந்த அன்றே சுவரைப் போட்டோ எடுத்து வைப்பதும் புத்திசாலித்தனம்.

விரிசல் வேறு

கடைசியாக ஒன்று. ஓட்டையையும் விரிசலையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சுவரும் அசையும். கோடையில் வாய் திறந்து மழையில் மூடிக் கொள்ளும் மயிரிழை விரிசல்கள் அதனால் வருபவை. அதில் கெட்டியான பட்டியைத் திணித்தால், மூட இடம் இல்லாமல் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும்.

ஆனால் வாசற்படிக்கு மேலே மாடிப்படி மாதிரி ஏறிப் போகிற விரிசல், சுவரின் அந்தப் பக்கமும் தெரிகிற விரிசல் என்றால் கையை வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டி ஓடி இருந்தால், அது மிஷின் வாங்கியவர் செய்கிற வேலை இல்லை. கட்டிடப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.