அச்சம் ஊரை ஆளும்போது

முகமூடிக் கொலைகாரன் ஒருவன் ஊரையே வேட்டையாடும் திரைப்படத்தைப் பற்றிப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். வகுப்பறையில் நான் விளக்க முயன்ற ஒன்றை, 2021-இல் வெளிவந்த 'ஹாலோவீன் கில்ஸ்' என்ற ஹாலிவுட் படம் கதையாகவே சொல்லிவிட்டது.

ஜான் கார்பென்டர் 1978-இல் இயக்கிய 'ஹாலோவீன்' படத்தில், மைக்கேல் மையர்ஸ் என்ற கொலைகாரனிடமிருந்து லாரி ஸ்ட்ரோட் என்ற இளம்பெண் உயிர் தப்புகிறாள். நாற்பதாண்டுகளுக்குப் பின் அவன் ஹாடன்ஃபீல்டு என்ற அதே ஊரில் மீண்டும் கொலைகளைத் தொடங்குகிறான். டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய இந்தத் தொடர்ச்சியில், காயமுற்ற லாரி பெரும்பாலும் மருத்துவமனையிலேயே இருக்கிறாள். நாயகியை முடக்கியது குறை என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. அவள் ஒதுங்குவதால்தான் ஊர்மக்களே மையப் பாத்திரமாகின்றனர்.

அன்று சிறுவனாக உயிர் தப்பிய டாமி டாயில், இன்று மட்டையை ஏந்திக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறான். தீமையை இன்றிரவே ஒழிப்போம் என்ற முழக்கம் மருத்துவமனையெங்கும் எதிரொலிக்கிறது. காவல் அதிகாரியின் பேச்சைக் கேட்பாரில்லை. மைக்கேலின் முகமூடியை அறிந்த அளவுக்கு அவன் முகத்தை மக்கள் அறியார். எனவே, காவலிலிருந்து தப்பிய வேறொரு மனநோயாளியை அவனென்று எண்ணி விரட்டுகின்றனர். இவன் அவனல்லன் என்றுணர்ந்து லாரியின் மகள் கேரன் தடுத்தும் பயனில்லை. அந்த மனிதன் சன்னல் வழியே குதித்து மாள்கிறான்.

வங்கி முறியப் போகிறது என்ற வதந்தி பரவினால் நிகழ்வதும் இதுவே. முந்தாதவர் பணத்தை இழப்பார் என்பதால், ஓடுகிற ஒவ்வொருவரின் செயலும் தனித்துப் பார்த்தால் நியாயமானதே. ஆனால், எல்லோரும் ஓடினால் நல்ல வங்கியும் வீழும். அருகிலிருப்பவர் ஓடுவதே சான்றாகிவிடுகிறது. உண்மையை ஆராய எவருக்கும் பொழுதில்லை. இத்தகைய பீதியைத் தணிக்கவே அமெரிக்கா 1933-இல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பொறுமை காப்பவர் ஏமாறமாட்டார் என்ற உறுதியை அது அளித்தது.

ஹாடன்ஃபீல்டில் அந்த உறுதியை அளிப்பவர் எவருமில்லை. கூட்டத்தைத் தடுத்த கேரனே இறுதியில் மைக்கேலை அதே கூட்டத்திடம் இழுத்து வருகிறாள் என்பதே படத்தின் பெருந்துயரம். அடித்து வீழ்த்திவிட்டதாக நம்பியவர்களை அவன் எழுந்து கொல்கிறான். டாமியும் மடிகிறான், கேரனும் தப்பவில்லை.

அச்சப்படுவது குற்றமன்று. அமைப்புகள் மீது நம்பிக்கை அற்றுப்போன ஊரில், நல்லவரின் அச்சமும் நிரபராதியைக் கொல்லும் என்பதே இப்படம் தரும் எச்சரிக்கை.