மேம்பாலத்தை இடிக்கும் அமெரிக்க நகரம்... ஏன் தெரியுமா?

நியூயார்க் மாகாணத்தின் சிராக்யூஸ் நகரை ரெண்டா பிரிப்பது ஐ-81 நெடுஞ்சாலை. அதன் 1.4 மைல் நீள மேம்பாலத்தை அகற்றும் திட்டப் பணிகள் 2023-ல் தொடங்கின. செலவு சுமார் 225 கோடி டாலர்!

பாலம் பழசாகிடுச்சு என்பது ஒரு காரணம்தான். 1960-களில் இது கட்டப்பட்டது, கறுப்பின மக்கள் வாழ்ந்த 15-வது வார்டு வழியாக. வீடு, கடை, தேவாலயம் எல்லாம் தரைமட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பக்கத்துல தங்கியவங்களுக்கு மிஞ்சியது புகையும் இரைச்சலும்தான்.

இனி தொலைதூர வாகனங்கள் நகரைச் சுற்றிப் போகும் ஐ-481-க்கு மாறும். பாலம் இருந்த இடத்தில் சாதாரணத் தெருக்கள் வரும். சரி, காலியாகும் நிலம் யாருக்கு? மதிப்பு கூடினா வாடகையும் கூடும். இத்தனை வருஷம் பாலத்தடியில் காலம் தள்ளியவங்களால அங்கேயே இருக்க முடியுமா என்பதுதான் அவங்க கவலை.