சொந்தக் கட்சியே தோற்கடித்த மிதவாதி

எதிர்க்கட்சிகிட்ட தோத்தா பரவாயில்ல, சொந்தக் கட்சிக்காரங்களே தோற்கடிச்சா? அமெரிக்காவின் இண்டியானா மாநில செனட்டர் ரிச்சர்ட் லூகருக்கு அதுதான் நடந்தது.

குடியரசுக் கட்சிக்காரரான இவர் 1976-ல் முதல்முறை வென்றார். 1991-ல் ஜனநாயகக் கட்சியின் சாம் நன்னோடு சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தால், பழைய சோவியத் நாடுகளில் 7,500-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. 2006-ல் இவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தல!

2012-ல் ஏழாவது பதவிக்காலத்துக்குப் போட்டி. அங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிக்காது. 'பிரைமரி' என்ற உட்கட்சித் தேர்தல் முடிவு செய்யும். அதுக்கு ஓட்டுப் போட வர்றவங்க குறைவு. அதிலும் தீவிர ஆதரவாளர்கள்தான் அதிகம். ஒபாமா நியமித்த நீதிபதிகளை இவர் ஆதரித்தது அங்கே குற்றமாச்சு. இண்டியானாவில் இவருக்குக் குடியிருக்க வீடே இல்லாததும் பெரிய பேச்சானது. மே மாதம் ரிச்சர்ட் மர்டாக்கிடம் சுமார் 20 சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

நவம்பரில் அந்த மர்டாக் ஜனநாயகக் கட்சியின் ஜோ டொனலியிடம் தோற்க, கட்சிக்கு இருந்த சீட்டும் போச்சு.

மக்களுக்குப் பிடிச்சவர்னாலும், மே மாத ஓட்டைத் தாண்டினால்தான் நவம்பருக்கே போக முடியும்.