தில்லிக் குளிரும் தேயிலை டோனரும்

தில்லியில் குளிர் தொடங்கினால் நம் வீடுகளில் முதலில் உறைவது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும். அடுத்து முகமும் கைகளும் வறண்டு வெள்ளை பூக்கும். கடலோரக் காற்றில் வளர்ந்த தோலுக்கு இந்த வறண்ட காற்றும், ரூம் ஹீட்டரும், கீசர் வெந்நீரும் பழக்கமில்லாதவை.

இதற்காகவே நம் வீட்டுப் பெண்கள் இப்போது பால் போன்ற தேயிலை டோனர் வாங்குகிறார்கள். பழைய டோனர்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. எண்ணெய்ப் பசையைத் துடைப்பதே அவற்றின் வேலை. இது நேர் எதிர். தண்ணீர், தேயிலைச் சாறு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், இவற்றோடு சிறிது எண்ணெயும் கலப்பதால்தான் பால் நிறம். தென்கொரியாவின் ஜேஜு தீவுப் பச்சைத் தேயிலை என்று சில புட்டிகளில் பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் ஈரம் காப்பதில் கிளிசரினுக்கே பங்கு அதிகம் என்பேன். தேயிலைக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் சில துளிகளைக் கையால் தட்டிப் பூசுங்கள். உடனே அதன்மேல் கிரீம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மேலே கிரீம் இல்லாவிட்டால் பூசிய ஈரத்தை இந்தக் காற்று குடித்துவிடும். டோனர் இல்லாமல் கிரீம் மட்டும் போதும். கிரீம் இல்லாமல் டோனர் மட்டும் போதாது. சிறு குழந்தைகளுக்கும் கிரீமே போதும்.

வாசனை சேர்த்தவை சிலருக்கு எரிச்சல் தரும். முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள்.

டீ டிகாஷனில் பால் ஊற்றி வீட்டிலேயே செய்யலாமா என்று சில மாமிகள் கேட்கிறார்கள். சீக்கிரம் கெட்டுவிடும், வேண்டாம். சர்க்கரை போட்டுக் குடித்துவிடுங்கள்!