சக்கரப் பாதரட்சையும் நம் பெண்மக்களும்

2023ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2ஆந் தேதி, காந்தியடிகளின் ஜயந்தி தினத்தன்று, சீன தேசத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் நம் தேசத்துப் பெண்மணிகள் வெண்கலப் பதக்கம் பெற்றனர். பந்தயம் 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங். ஸஞ்சனா பதுலா, ஹீரல் ஸாது, கார்த்திகா ஜகதீஸ்வரன், ஆரதி கஸ்தூரிராஜ் ஆகிய நால்வரே அவ்வணியினர். பின்னிருவரும் தமிழ்நாட்டுப் பெண்மக்கள். 2010இல் குவாங்சோவில் பாரதம் பெற்ற இரு ஸ்கேட்டிங் பதக்கங்களும் கலைப் பிரிவைச் சேர்ந்தவை. வேகப் பந்தயத்தில் நம் தேசம் பதக்கம் கண்டது ஹாங்சோவில்தான். அன்றே ஆடவர் அணியும் வெண்கலம் பெற்றது.

இப்பந்தயத்தில் தனியொருவரின் வேகம் போதாது. ஓடி முடித்தவள் அடுத்தவளைப் பின்னின்று தள்ளி விடுதல் வேண்டும்; அந்தத் தள்ளுதலில் பிழை நேர்ந்தால் சுற்றுக்கள் பலவற்றில் ஈட்டியது ஒரு நொடியில் போய்விடும். அன்றைய ஆடவர் பந்தயத்தில் கொரிய வீரர் எல்லைக் கோட்டிற்கு முன்பே கைகளை உயர்த்திக் களித்தார். சீனத் தைபேய் வீரர் காலை நீட்டி, ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு முந்திப் பொன்னைக் கைப்பற்றினார்.

நம் மாதர் அணி எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிஷம் 34.861 விநாடி. முதலில் வந்த சீனத் தைபேய் மாதர் எடுத்துக்கொண்டது 4 நிமிஷம் 19.447 விநாடி. இடையே உள்ளது 15 விநாடிக்கு மேல். இந்த இடைவெளி நம் பெண்களின் கால்வலிமைக் குறைவால் வந்ததென்று எவரேனும் சொல்வாராயின் நாம் ஒப்போம். விளாத்திகுளத்துக் கரிசற்காட்டில் மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் பகலெல்லாம் குனிந்து நிமிரும் பெண்களையும், தூத்துக்குடிக் கரையின் உப்பளங்களில் வழுக்கும் பாத்தி வரப்பின்மீது தலைச்சுமையுடன் நிலை தவறாது நடக்கும் பெண்களையும் கண்டோர் அவ்வாறு சொல்லார். உரம் இருக்கிறது, பழகுதற்கு இடந்தான் இல்லை.

ஸ்கேட்டிங்கிற்கு வேண்டுவது வழவழப்பான தடம், நல்ல பாதரட்சை, பயிற்றுவோர் ஆகிய மூன்றே. பெருநகரங்களில் இவை ஒருவாறு கிடைக்கின்றன. வைப்பாற்றங்கரையில் பிறந்த சிறுமிக்குக் கிடைப்பது லாரி போகும் சாலையே. அங்கே பழகச் சொல்வது பொறுப்பாகாது. ஆதலால் பந்தயத்தில் வெல்லும் தகுதி உடையவள் பந்தயத்தையே காணாமல் வளர்ந்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதிற்குப் பின் வீட்டில் இருத்தும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் சொல்லவேண்டியதில்லை.

“வயிற்றுப்பாட்டிற்கே வழி தேடும் ஊரில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பாருண்டு. அண்டையிலுள்ள கோவில்பட்டியே அதற்கு விடை. அதுவும் செல்வர் ஊரன்று. தீப்பெட்டித் தொழிலாளர் ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே ஹாக்கி மைதானம் உயிருடன் இருந்தமையால், அவ்வூர் மாரீஸ்வரன் 2022இல் இந்திய அணியில் ஆடினார். மைதானம் முந்தியது, வீரர் பிந்தினர்.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. பேரூராட்சியும் கல்வி அதிகாரிகளும் கூடி, பெண்கள் பள்ளியை அடுத்து 200 மீட்டர்ச் சுற்றுடைய தடமொன்றை அமைக்கட்டும். நூல்நிலையத்தில் புஸ்தகம் இருப்பதுபோல் பள்ளியில் பொதுப் பாதரட்சைகள் இருக்கட்டும். ஏழைச் சிறுமி அவற்றை எடுத்துப் பழகட்டும். பயிற்றுவோர் பெண்களாய் இருத்தல் பெற்றோரின் அச்சத்தைப் போக்கும்.

ஸ்வதேசிய நோக்குடன் இன்னுமொன்று சொல்வோம். பந்தயத்திற்குரிய உயர்ந்த சக்கரப் பாதரட்சைகள் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கு. விலையோ எளியோர் கைக்கெட்டாதது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அயல்நாட்டாருக்குப் பாதரட்சை செய்து அனுப்பும் தமிழர்க்கு இதுமட்டும் இயலாதோ? 1906இல் அந்நியர் கப்பலுக்கு எதிரே ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய சிதம்பரனார், விளாத்திகுளத்திற்கு அணித்தேயுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் என்பதைத் தூத்துக்குடி வர்த்தகர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

ஹாங்சோவில் ஒருத்தி மற்றொருத்தியைத் தள்ளிவிட்டதனால் பதக்கம் கிட்டியது. முன்னே செல்ல நிற்கும் நம் சிற்றூர்ப் பெண்ணின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் கடமை ஊராருடையது. அதைத் தாமதமின்றிச் செய்வார்களென்று நம்புகிறோம்.