நெற்றிப்பொட்டில் கேட்கும் ரத்த ஓட்டம்

தலையில் பலத்த அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். ஸ்கேனிலும் புதிய கசிவு இருக்காது. ஆனால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, கூப்பிட்டால் கண் திறந்தவர் மந்தமாகிவிடுவார். ஒரு கை தளரும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. எளிதில் பிடிபடாத ஒன்று, மூளைத் தமனிகள் சுருங்கிப்போவது.

சிந்திய ரத்தமே இதற்கு முக்கியக் காரணம். மூளையைச் சுற்றிய சவ்வுகளுக்கிடையே கசிந்த ரத்தம் தமனிகளை வெளிப்புறமாகச் சூழ்ந்து நிற்கிறது. சிவப்பணுக்கள் சிதைந்து வெளியேறும் ஹீமோகுளோபின், தமனியைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பறித்துக்கொள்கிறது. சுவரிலுள்ள தசை இறுகுகிறது. விறைப்பான குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்கிறது இயற்பியல். உடல் எடையில் 2 சதவீதமே இருந்தாலும், இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 சதவீதம் வரை கேட்கும் மூளைக்கு இந்தக் குறைவு தாங்காது.

ஈராக் போரில் குண்டுவெடிப்பால் தலையில் கடுங்காயமுற்ற 57 அமெரிக்கப் படைவீரர்களைப் பரிசோதித்து, 2006இல் மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தச் சுருக்கம் இருந்தது.

இதைப் படுக்கையருகிலேயே கேளா ஒலி மூலம் கண்காணிக்க வழி காட்டியவர் நார்வேயின் ரூன் ஆஸ்லிட். மண்டையோடு கேளா ஒலிக்குப் பெரும் தடை. 1982இல் அவர் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு அந்தத் தடையைக் கடந்தார். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் ஜெல் தடவிக் கருவியை மெல்லச் சாய்த்துத் தேடுவார்கள். சரியான கோணம் கிடைத்ததும் நாடித்துடிப்புக்கேற்ப 'உஸ்… உஸ்…' என்று ஒலி எழும். திரையில் வேகம் தெரியும்.

ஹோஸ் குழாயின் வாயை அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, சுருங்கிய தமனியில் ரத்தம் வேகமெடுக்கும். நொடிக்கு 60 சென்டிமீட்டர் அளவில் ஓடுவது 120ஐத் தாண்டினால் சந்தேகம் எழும். 200ஐக் கடந்தால் நிலைமை கடுமை. ஆனால் காயத்துக்குப்பின் மூளைக்கு ரத்தம் அளவுமீறிப் பாய்ந்தாலும் வேகம் கூடும். அதனால் கழுத்துத் தமனியின் வேகத்தோடு ஒப்பிடுகிறார்கள். மூளையில் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் சுருக்கம் என்று கொள்ளலாம்.

தமனி வீங்கி வெடித்தவர்களுக்கு உதவும் நிமோடிபின் மருந்து, அடிபட்டவர்களுக்கும் அதே பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் குறையவிடாமல் காப்பதே சிகிச்சையின் அடிப்படை. எனவே, தேறி வந்தவர் மறுபடி மயங்கினாலோ பேச்சு குழறினாலோ, களைப்பாக இருக்கும் என்று உறவினர்கள் விட்டுவிடக் கூடாது; உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.