குற்றவாளி டிஸ்க்தானா?

பழைய சர்வரின் பிழைச் செய்திகளைப் படிக்கும் முறை

கணிப்பொறி இல்லாத கடையோ, பள்ளிக்கூடமோ, மருந்தகமோ இன்று அரிது. கொடுக்கல் வாங்கல் கணக்கு, மாணவர் பதிவேடு, சரக்கு இருப்பு ஆகிய அனைத்தும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. பல மேசைகளில் அமர்ந்திருப்போருக்கு ஒரே நேரத்தில் தகவல் வழங்கும் அந்தப் பொதுப் பெட்டியையே சர்வர் என்கிறோம். சில இடங்களில் அதற்கு வயது பத்து. சில இடங்களில் இருபதையும் தாண்டியிருக்கும். அதில் ஓடும் கணக்கு மென்பொருள் புதிய இயந்திரத்தில் ஓடாது என்பதாலோ, ஓடுகிற வரை ஓடட்டும் என்ற எண்ணத்தாலோ அதை எவரும் தொடுவதில்லை.

ஒரு நாள் அதன் திரையில் புரியாத வரிகள் தோன்றத் தொடங்கும். 'டிஸ்க் எர்ரர்' என்று ஒரு வரி. 'பஸ் ரீசெட்' என்று இன்னொரு வரி. இயந்திரம் சற்று நேரம் அசையாமல் நின்று, பின்னர் ஒன்றும் நடவாதது போல் மீண்டும் ஓடும். உடனே, "டிஸ்க் போய்விட்டது, கழற்றி மாற்றுங்கள்" என்று தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். தவறாகிவிட்டால், நல்ல டிஸ்க் வெளியே போகும். பழுது உள்ளேயே இருக்கும். ஆண்டுக் கணக்கில் சேர்த்த பதிவுகளும் அந்த அவசரத்தில் அழியக்கூடும். ஆகவே, தீர்ப்புக்கு முன் விசாரணை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிணறும் கயிறும்

கிணற்றில் இறக்கிய வாளி வெறுமையாக மேலே வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். கிணறு வற்றியிருக்கலாம்; வாளி ஓட்டையாக இருக்கலாம்; கயிறு நீர்மட்டத்தை எட்டாமல் இருக்கலாம். நீர் வரவில்லை என்பது ஒன்றே நமக்குத் தெரிந்த உண்மை. சர்வரின் பிழைச் செய்தியும் இத்தகையதே. கேட்ட தகவல் வந்து சேரவில்லை என்பதைத்தான் அது முதலில் சொல்கின்றது. குற்றம் எங்கே என்பதை நாம்தான் தேடிக் காண வேண்டும்.

தகவல் தங்கியிருக்கும் இடம் டிஸ்க். ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அதில் அடங்கியவை ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே! அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகியபோதும் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின் மீது, அதைத் தொடாமல், மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்தபடி காந்தத் தலை எழுதுகின்றது, படிக்கின்றது. தட்டின் பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய டிஸ்க்குகளில் ஒரு கட்டத்திற்கு 512 பைட்டுகள். கட்டம் ஒன்று பழுதானால் அதற்கு ஈடாகக் கொடுப்பதற்கென்றே சில உபரிக் கட்டங்களையும் டிஸ்க் தன்னிடம் வைத்திருக்கும்.

அந்தத் தகவல் வந்து போகும் பொதுப் பாதைக்குத்தான் 'பஸ்' என்று பெயர். பழைய சர்வர்களில் பெரும்பாலும் இருந்தது 'ஸ்கஸி' என்னும் பாதை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு தர நிர்ணயம் பெற்ற இம்முறையில், ஒரே கம்பியில் பல டிஸ்க்குகள் வரிசையாகத் தொங்கும். தொடக்கக் காலப் பாதையில் 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள்; பின்னர் வந்த அகலமான பாதையில் பதினாறு. ஒவ்வொரு கருவிக்கும் தனி இலக்கம் வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே இலக்கம் கொடுத்துவிட்டால் சர்வரும் அவ்வாறே திகைத்துப் போகும்.

ஓரிடத்தில் நிற்கும் பிழை, ஊர் சுற்றும் பிழை

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. டிஸ்கின் பழுது ஓரிடத்தில் நிற்கும். ஒரே டிஸ்க், ஒரே கட்டம் அல்லது அதன் அண்டைக் கட்டங்கள் என்று, படிக்கும்போதெல்லாம் அதே எண் திரும்பத் திரும்ப வரும். பாதையின் பழுதோ ஊர் சுற்றும். இன்று இரண்டாம் டிஸ்க். நாளை நான்காம் டிஸ்க். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கட்டம். வேலைப் பளு மிகும்போது அது தலைகாட்டும். ஓய்ந்த நேரத்தில் மறைந்துவிடும்.

ஸ்கஸி டிஸ்க்குகள் தமது குறையைத் தாமே வகைப்படுத்தியும் சொல்கின்றன. பிழைச் செய்தியில் வரும் 'சென்ஸ் கீ' என்னும் எண்ணைக் கவனிக்க வேண்டும். 1 என்றால், இடர்ப்பட்டாலும் தகவலைப் படித்துவிட்டது என்று பொருள். 3 என்றால் தட்டின் பரப்பிலேயே குறை. 4 என்றால் கருவியின் உறுப்புகளில் கோளாறு. 6 என்பது பெரும்பாலும் அச்சம் தருவதன்று. பாதை மீட்டமைக்கப்பட்டது, மின்சாரம் போய் வந்தது போன்ற மாற்றங்களை டிஸ்க் நமக்கு அறிவிக்கின்றது, அவ்வளவே. 3 என்ற எண் ஒரே டிஸ்கிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிஸ்கின் மீது ஐயம் கொள்வது நியாயம். அதற்கு மாறாக 'பாரிட்டி எர்ரர்', 'டைம் அவுட்', 'ரீசெட்' ஆகிய சொற்களே நிறைந்திருந்தால் பாதையை முதலில் ஆராய வேண்டும். எனினும், ஒரு டிஸ்கின் மின்னணுப் பலகை கெட்டுப் பொதுப் பாதை முழுவதையும் கலக்குவதும் உண்டு. ஒருவர் கூச்சலிட்டால் சபையில் எவர் பேச்சும் கேட்காது அல்லவா?

சன் நிறுவனத்தின் சோலாரிஸ் சர்வர்களில் 'ஐஓஸ்டாட்' என்னும் கட்டளை ஒவ்வொரு டிஸ்கின் பிழைகளையும் மூன்று வகையாகப் பிரித்து எண்ணிக் காட்டும்: மென்பிழை, வன்பிழை, போக்குவரத்துப் பிழை. மூன்றாவது எண் மட்டும் பல டிஸ்க்குகளில் சேர்ந்தாற்போல் உயர்ந்தால், குற்றம் பாதையில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். யூனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களில் ஏதேனும் ஒரு கட்டளையைத் தட்டியவுடன் 'பஸ் எர்ரர்' என்ற சொல் மட்டும் வந்து நிற்பதுண்டு. அது அந்த மென்பொருள் நினைவகத்தைப் பயன்படுத்தும்போது நிகழ்ந்த தவறைக் குறிப்பது, கம்பியைக் குறிப்பதன்று. ஆயினும், நேற்று வரை நன்றாக ஓடிய பல கட்டளைகள் இன்று திடீரென்று இச்சொல்லைக் காட்டினால், அவற்றை டிஸ்கிலிருந்து படிக்க இயலாமல் இயந்திரம் தடுமாறுகின்றது என்பதும் காரணமாக இருக்கலாம். நினைவகம், டிஸ்க் இரண்டையும் சோதிப்பதே முறை.

முதலில் காப்பு, பிறகே சோதனை

பிழை கண்டவுடன் பெட்டியை அணைத்துத் திறக்கவே பலருக்குக் கை துடிக்கும். பல ஆண்டுகள் நில்லாமல் சுழன்ற டிஸ்க், ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் சுழலாமலே போவதுண்டு. ஆதலால் சர்வர் இன்னமும் தகவலைக் கொடுத்துக்கொண்டிருந்தால், இன்றியமையாத கோப்புகளை வேறோர் இயந்திரத்திற்கோ வேறோர் டிஸ்கிற்கோ உடனே பிரதி எடுத்துவிட வேண்டும். கணக்குப் புத்தகங்கள் முதலில், மற்றவை பின்னர். டிஸ்கிலிருந்து வழக்கத்திற்கு மாறான உராய்வொலியோ தட்டும் ஒலியோ கேட்டால் மட்டும் நிலைமை வேறு. அப்போது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறக்கூடும். உடனே நிறுத்தி, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

சில கட்டங்கள் மட்டும் படிக்க முடியாதிருந்தால் 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளிடம் பிறகு வரும். எதுவரை முடித்தது என்பதைக் குறித்து வைப்பதால் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழுதான டிஸ்கின் மீதே 'பழுது நீக்கும்' மென்பொருளை ஓட்டுவது தவறு. அது எழுதுகின்ற ஒவ்வொரு வரியும் மீட்கக்கூடிய ஒன்றை அழித்துவிடலாம்.

பெட்டியைத் திறந்த பின்

பிரதி கையில் வந்தது. இனி அச்சமின்றி ஆராயலாம். மின் இணைப்பை நீக்கிய பின், விலை குறைந்தவற்றிலிருந்து தொடங்குவோம். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, வளைந்த ஊசிகள் உள்ளனவா என்று பார்த்து, அழுந்தச் செருக வேண்டும். தூசியைத் துடைத்து, விசிறிகள் சுழல்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

அடுத்தது 'டெர்மினேட்டர்'. ஸ்கஸி பாதையின் இரு கோடிகளிலும் இது இருந்தாக வேண்டும். நடுவில் இருத்தல் ஆகாது. மலையில் மோதிய குரல் எதிரொலியாகத் திரும்புவது போல், முடிவடைக்கப்படாத கம்பியின் கோடியில் மின்குறி மோதித் திரும்பும். அந்த எதிரொலி மெய்யான தகவலுடன் கலந்து அதைக் கெடுக்கும்.

கேபிளின் நீளமும் முக்கியம். பழைய வகைப் பாதைக்கு 6 மீட்டர் எல்லை. வேகம் இரட்டித்தபோது அது 3 மீட்டராகச் சுருங்கியது. பின்னர் வந்த எல்.வி.டி. வகை 12 மீட்டர் வரை தாங்கும். ஆனால், அதில் பழைய வகைக் கருவி ஒன்றைச் சேர்த்துவிட்டால் பாதை முழுவதுமே பழைய வேகத்திற்கும் பழைய எல்லைக்கும் இறங்கிவிடும். ஒரு பழைய டேப் கருவியைச் சேர்த்த நாளிலிருந்து தொல்லை தொடங்கியது என்றால் இதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்வழங்கியையும் மறந்துவிடலாகாது. வயதான மின்வழங்கியின் கெபாசிட்டர்கள் உலர்ந்து, வேலைப் பளு கூடும்போது மின்னழுத்தம் சரியும். 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழும், 5 வோல்ட் என்பது 4.75க்குக் கீழும் இறங்கினால் டிஸ்க்குகள் நிலைகுலையும். அந்தக் குறைபாடு திரையில் டிஸ்கின் பிழையாகவே காட்சி தரும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிள், டெர்மினேட்டர், டிஸ்க் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் நோய் எதனால் தீர்ந்தது என்பது எவருக்கும் தெரியாது. திரும்பி வந்தால் மருந்தும் தெரியாது.

இரண்டு டிஸ்க்குகள் ஒன்றாக விழுந்தால்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் தப்பும்படி அமைப்பது 'ரெய்டு' முறை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இப்பெயரை நிலைநாட்டிற்று. இதன் ஐந்தாம் வகை ஒரு டிஸ்கின் இழப்பைத் தாங்கும். இரண்டின் இழப்பைத் தாங்காது. கெட்டதற்குப் பதிலாக நல்ல டிஸ்கைத் தவறுதலாக உருவிவிட்டால், ஒரு நொடியில் தொகுதியே சாய்ந்துவிடும்.

இரண்டு டிஸ்க்குகள் ஒரே கணத்தில் காணாமற்போனால், இரண்டும் ஒரே கணத்தில் இறந்தன என்று நம்புவதை விட, இரண்டுக்கும் பொதுவான கேபிளையோ மின்சாரத்தையோ ஐயுறுவதே பொருத்தம். அந்நேரத்தில் திரை கேட்கும் 'இனிஷியலைஸ்' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று விடையளித்துவிடக் கூடாது. எந்த டிஸ்க் எந்த நேரத்தில் வெளியேறியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னதாக வெளியேறியதில் இருப்பது பழைய கணக்கு. அதைப் புதியதுடன் கலத்தல் ஆகாது.

வீட்டுக் கணிப்பொறிக்கும் இதே பாடம்

பின்னாளில் ஸ்கஸி கேபிளின் இடத்தை 'சாஸ்', 'சாட்டா' என்னும் மெல்லிய கேபிள்கள் பிடித்துக்கொண்டன. அங்கும் இதே கேள்விதான். சாட்டா டிஸ்க்குகள் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தமது உடல்நிலைக் குறிப்பை எழுதி வருகின்றன. அதில் 5ஆம் எண் மாற்றப்பட்ட கட்டங்களையும், 197ஆம் எண் ஐயத்திற்குரிய கட்டங்களையும் காட்டும். 199ஆம் எண் வழியில் சிதைந்த தகவலைக் கணக்கிடும். முதலிரண்டும் ஏறினால் டிஸ்கை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. மூன்றாவது மட்டும் ஏறினால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். மாற்றிய பின் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் நிற்கின்றதா என்பதே சோதனை.

ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு செய்திகளைத் தந்தது. பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாததைவிட அடுத்த 60 நாட்களுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே வேளையில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின! எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வராததை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

ஆகவே, பழைய சர்வரை நம்பியிருப்போர் அதனருகில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்த இலக்கத்தில் எந்த டிஸ்க் உள்ளது, அதன் தொடர் எண் என்ன, எந்த நாளில் எந்தப் பிழை வந்தது, எதை மாற்றினோம் என்பவற்றைத் தேதியுடன் எழுதி வாருங்கள். ரெய்டு இருப்பதால் காப்புப் பிரதி வேண்டாம் என்று எண்ணாதீர்கள். தவறுதலாக அழித்ததை அது மீட்டுத் தராது. வாரம் ஒருமுறை வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைத்து, அது திறக்கின்றதா என்றும் அவ்வப்போது பாருங்கள். இயந்திரத்திற்கு முதுமை வருவதைத் தடுக்க இயலாது. அது போகும்போது நம் கணக்குகளையும் கொண்டுபோகாமல் தடுக்க இயலும்.